கெட்டிமேளத்துக்குப் பழகுகிறவன்

மகனே,

"அன்புள்ள" என்று போட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. அன்பு எங்கேயும் ஓடிப்போகவில்லை, அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதற்கு முன்னால் கோபம் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் வெறும் மகனே என்று மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன்னால் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் எல்லாம் தங்கள் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கண் கலங்கிக் கடைசியில் வாழ்த்தி முடிப்பார்கள். என்னிடமும் தவறுகள் உண்டு, மூட்டை கட்டினால் தூக்க ஆள் வேண்டும். அவற்றை வேறொரு நாள் சொல்கிறேன். இந்தத் தடவை தவறு செய்தவன் நீ. இந்தக் கடிதத்தை நான் ஒட்டி அனுப்பப் போவதில்லை. திறந்தே இருக்கட்டும். உன் சித்தி படிக்கட்டும், நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் படிக்கட்டும், உன் மாமனாரும் விரும்பினால் படிக்கட்டும். உன் தம்பி தினேஷைப் போல ஒரு பிள்ளை இருக்கிற பல வீடுகளில் உன்னைப் போல ஓர் அண்ணனும் இருப்பான். அந்த வீட்டு அம்மாமாருக்கும் இது உதவும்.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாய். நான் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு, அதனால் விரல் முட்டியால் போனை அமத்தினேன். அது வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசத் தொடங்கியது. "அம்மா, நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். தம்பியக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கிட்டு வர வேணாம். பொண்ணு வீட்டு ஹட்டன் ஆளுங்க அன்னைக்கு நடந்த தேத்தண்ணி விஷயத்தையே இன்னும் பேசிக்கிட்டு இருப்பாங்க. மண்டபத்துல இவன் காதப் பொத்திக்கிட்டு ஓடினா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது? பக்கத்து வீட்டு மாரி அக்காகிட்ட ஒரு நாளைக்கு விட்டுட்டு வாங்க. அவனுக்கு ஒன்னும் வெளங்காதும்மா. மத்தவங்க மனசு அவன் மூளைக்குப் பிடிபடாதுன்னு டொக்டரே சொன்னாரில்ல? அப்பறம் எங்க வருத்தப்படப் போறான்? நீங்க சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க." இவ்வளவும் சொல்லிவிட்டு, சாப்பிட்டீங்களா என்றும் கேட்டிருந்தாய். உன் தம்பி அப்போது என் முதுகுக்குப் பின்னால், அரிசி வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த உன் அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. உள்ளே வந்து, "பெரியவன் சொல்றதும் ஒரு வகையில சரிதானே" என்றார். அவருக்குக் கிடைக்க வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டது. இனி உன் முறை.

நீ கொழும்பில் என்ன வேலை செய்கிறாய் என்று லயத்தில் யாராவது கேட்டால் நான் பெருமையாகச் சொல்வேன். இன்சூரன்ஸ் கம்பனியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான், எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தே மனதில் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறான் என்பேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்வதும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஊரார் முகத்தையெல்லாம் படிக்கிறவனுக்கு, ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பியின் முகம் படிக்கத் தெரியவில்லை. தெரியாததுகூடப் பரவாயில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறாய், அதற்கு டொக்டரைச் சாட்சிக்கு வேறு இழுக்கிறாய்.

அந்த டொக்டரிடமிருந்தே தொடங்குகிறேன். தினேஷுக்கு ஏழு வயது. உனக்குப் பதின்மூன்று. மூன்று பேருமாகக் கண்டிக்குப் போனோம். பஸ்ஸில் அவன் வாந்தி எடுத்து, உன் பள்ளிக்கூடக் காற்சட்டையெல்லாம் நனைந்து, நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். அந்த டொக்டர் மேசையில் இரண்டு பொம்மைகளை வைத்தார். ஒரு பொம்மை தன் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. அது போன பிறகு மற்றப் பொம்மை பந்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. வெளியே போன பொம்மை திரும்பி வந்தால் பந்தை எங்கே தேடும் என்று கேட்டார். தினேஷ் யோசிக்கவே இல்லை, பெட்டியைக் காட்டினான். "பந்து அங்கதானே இருக்கு" என்றான். கூடையில்தான் தேடும், ஏனென்றால் அந்தப் பொம்மைக்கு மாற்றினது தெரியாது, என்பதுதான் சரியான பதில். தனக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்கும் என்றே இவன் எடுத்துக்கொள்கிறான் என்று டொக்டர் விளக்கினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நீ எனக்குத் தமிழில் சொன்னாய். "இவனுக்கு மத்தவங்க மனசு தெரியாதாம்மா" என்று முடித்துவிட்டாய்.

டொக்டர் அதோடு முடிக்கவில்லை. கடைத்தெருவில் மரக்கறி வாங்கிப் பழகிய சிங்களம் எனக்கும் இருக்கிறது. அவர் இன்னொன்றும் சொன்னார். "இவனுக்கு உங்க மனசு பிடிபடக் கஷ்டம். அதே மாதிரி உங்களுக்கும் இவன் மனசு பிடிபடக் கஷ்டம். அவன் மட்டும் பழகினா போதாது, நீங்களும் பழகணும்" என்றார். அதை நீ எனக்குச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, பசி, நனைந்த காற்சட்டை, வீட்டுக்குப் போகிற அவசரம். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் இப்போது உனக்கு முப்பது வயது. இன்னும் டொக்டர் சொன்னதில் உனக்கு வசதியான பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறாய்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மற்றவர்களும் படிக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே மூன்று வயதுப் பிள்ளை ஒன்று துவாயால் தன் முகத்தை மூடிக்கொண்டு, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்கும். தன் கண்ணுக்கு நான் தெரியவில்லை, ஆகவே என் கண்ணுக்கும் அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும். நாலு, ஐந்து வயது ஆகும்போது அதுவாகவே விட்டுப் போய்விடும். பிறகு அதே பிள்ளை என் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு ஆயாம்மாவுக்குக் கோபம், கிட்டப் போகக்கூடாது என்று ஒதுங்கிவிடும். யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. தினேஷுக்கு அது தானாக நடக்கவில்லை. ஏன் என்று அவனுக்குப் படிப்பித்த டீச்சரிடம் ஒருநாள் கேட்டேன். "மத்தவங்க மனச ஊகிக்கிற வேலைய ஒங்க மூளை ஒங்ககிட்டச் சொல்லாமலே செஞ்சு முடிச்சிருதுங்க. அவனுக்கு அது கணக்கு மாதிரி, உக்காந்து யோசிச்சுச் செய்யணும். செய்வான், நேரம் எடுக்கும். கூட்டத்துலயும் சத்தத்துலயும் வச்சு ஒடனே விடை சொல்லுன்னா யாருங்க சொல்லுவா?" என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார். அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அடுத்தவருக்காக வேதனைப்படுவது வேறு. முதலாவது கஷ்டமாக இருக்கிறவனுக்கு இரண்டாவது இல்லை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்றார். நீ அதைத்தான் நினைத்திருக்கிறாய். நினைத்ததோடு நிற்காமல் அதைப் போனிலும் பேசி அனுப்பியிருக்கிறாய்.

சரி, தேத்தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். நீ வாய் திறந்தால் அதைத்தானே சொல்கிறாய். உன் மாமனார் வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள், மாமனார், மாமியார் இரண்டு பேரும் ஹட்டனில் ஆசிரியர்கள். நம் வீட்டைப் பார்க்க முதல் தடவை வந்தார்கள். நீ கொழும்பிலிருந்து முதல் நாளே வந்து, வாசல் படியைக்கூடத் தேய்த்துக் கழுவினாய். தினேஷிடம், "தட்டக் கொண்டுபோய் நீட்டிராத. தேத்தண்ணி குடிக்கிறீங்களான்னு மரியாதையா கேக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவன் பால் தேத்தண்ணி ஊற்றி, தட்டில் அடுக்கி, சிந்தாமல் கொண்டுபோய், நீ சொன்ன மாதிரியே கேட்டான். உன் மாமனார், "வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள். கரைச்சல் படாதேங்கோ" என்றார். மாமியாரும் வேண்டாம் என்று தலையாட்டினார். "சரிங்க" என்று தினேஷ் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து, அவர்கள் கண் முன்னாலேயே குடித்தான். ஆறிவிடுமே என்றுதான்.

இதில் அவன் செய்த பிழை என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் ஆட்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். தொண்டை காய்ந்து கிடந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரர் அதெல்லாம் முடியாது, குடிச்சுத்தான் ஆகணும் என்பார். இவர்கள் ஐயோ வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவை, சரி அரைக் கப் போதும் என்று வாங்கி முழுக் கப்பையும் குடிப்பார்கள். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்கிறவர்கள் நாம். சொன்னதைச் சொன்னபடியே நம்பினவன் அவன். அவர்கள் மனம் அவனுக்குத் தெரியவில்லை என்கிறாய். பெரியவர் ஒருவர் வேண்டாம் என்றால் அதை மதித்து நடக்க வேண்டும் என்று அவன் நினைத்தது, அங்கே இருந்த யாருக்காவது தெரிந்ததா? உனக்குத் தெரியும். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். "தம்பி, மாமா கூச்சப்படுறாரு, கொண்டாந்து குடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு அந்த நிமிடமே திரும்பி வந்திருக்கும். உனக்கு வாய் வரவில்லை. நான் வடையோடு வந்து, "தேத்தண்ணி எங்க?" என்று கேட்க, "வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்று அவன் படியிலிருந்தே சொல்ல, நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். லயத்து வீடு, குறுகலான முன்னறை, தட்டை எடுத்துப் போகிற தம்பி எல்லாம் சேர்ந்து உனக்கு வெட்கம். அந்த வெட்கம் முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டாய்.

அவன் வருத்தப்படமாட்டான் என்று சொல்கிறாயே, நீ கொழும்புக்கு வேலைக்குப் போன வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தினேஷ் வயிறு வலிக்கிறது என்று சாப்பிடாமல் கிடந்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் கொடுத்தேன், நிற்கவில்லை. தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்கள். நீ சனிக்கிழமை போன் எடுத்துப் பேசினாய். பேசி முடித்ததும் எழுந்து போய் ஒரு கோப்பை சோறு போட்டுச் சாப்பிட்டான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. உனக்குத் தொண்டை அடைக்கிற இடத்தில் அவனுக்கு வயிறு வலிக்கிறது. வருத்தமாக இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல வராது, அது வருத்தம்தான் என்று அவனுக்கே சில நேரம் தெரியாது. அதற்குப் பிறகு அவன் வயிறு வலிக்கிறது என்றால் நான் மருந்துக்கு ஓடுவதில்லை, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறேன். டொக்டர் பழகச் சொன்னது இதைத்தான். சுலபமான பாடம் இல்லை இது, எனக்கே வருடக்கணக்கில் பிடித்தது.

இப்போது அரிசி வாளிக்கு வருகிறேன். கல்யாணம் பேசி முற்றாகிய அன்று நீ போனில் அவனிடம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "டேய், கெட்டிமேளம் கொட்டுறப்ப காதப் பொத்திக்கிட்டு ஓடிராத. தாலி கட்டுறப்ப நீ என் பக்கத்துலயே நிக்கணும், என்ன?" என்றாய். அவன் "சரிங்கண்ணே" என்றான். நீ அதை அப்போதே மறந்திருப்பாய். அவன் மறக்கவில்லை. மேளச் சத்தம் அவனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கோயில் திருவிழா அன்று நாமெல்லாம் தேரோடு போவோம், அவன் மலைக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவான். அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? போனில் ஒரு கல்யாண மேளத்தை எடுத்து, போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடி, வாளிக்குப் பக்கத்தில் நின்று கேட்டான். தோட்டத்து நாற்று மேடையில் வேலை முடிந்து, தண்ணீர்ப் பீலியில் கை கால் கழுவிவிட்டு வந்ததும் ஒவ்வொரு நாளும் இதே வேலை. கொஞ்ச நாள் போனதும் மூடியைப் பாதி திறந்தான். பிறகு முழுதாகத் திறந்தான். மாரி அக்கா எட்டிப் பார்த்து, "என்னா தினேசு, ஒங்க வீட்டு அரிசிக்கா கல்யாணம்? தெனமும் தாலி கட்டுறீங்களே" என்று சிரித்தார். "இல்லங்க அக்கா, அண்ணனுக்கு" என்றான் இவன். இப்போது போன் மேசை மேல் இருக்கிறது, முழுச் சத்தத்தில். கெட்டிமேளம் வரும்போது கை இரண்டையும் இறுகப் பொத்திக்கொண்டு, நெற்றியில் வியர்வை வடிய, நகராமல் நிற்கிறான். காதைப் பொத்துவதில்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நிற்கச் சொன்னாய், நின்றால் உனக்குச் சந்தோஷம் என்று அவனாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தான். மற்றவர் மனது பிடிபடாத மூளை செய்கிற வேலையா இது?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் மேளத்துக்குத்தான் வந்து நின்றான். நீ பேசியதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் கேட்டான். நான் மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவன் முகத்தில் எப்போதும் அவ்வளவாகத் தெரியாது. "அண்ணன் கோவமா இருக்காரா, வெக்கமா இருக்காரா?" என்று கேட்டான். நான் மாவுக் கையைத் துடைத்தேன். பிறகு, "நான் வராட்டி அண்ணன் சந்தோசமா இருப்பாரா?" என்றான். "எனக்குத் தெரியாதுடா" என்றேன். "அப்ப நீங்க கேட்டுச் சொல்லுங்கம்மா. சந்தோசமா இருப்பாருன்னா நான் வரல" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரொட்டி வேண்டாம் என்றான். சம்பல் வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டேன். வயிறு வலிக்கிறது என்றான்.

மறுநாள் உனக்குப் போன் எடுக்கத்தான் இருந்தேன். அதற்குள் உனக்கு வரப்போகிறவள் எடுத்துவிட்டாள். "மாமி, தம்பிக்கு என்ன நிறத்தில சேட் எடுத்திருக்கிறீங்கள்? அதுக்குப் பொருத்தமாத்தான் நான் சாறி பாக்கலாம் எண்டு இருக்கிறன்" என்றாள். எனக்குச் சங்கதி புரிந்துவிட்டது. நீ அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொண்டு இருப்பார்கள், அவர்களுக்குப் பிடிக்காது என்று அவர்கள் பெயரை வைத்து என்னிடம் கதைத்தவன், அவர்களிடம் வாயே திறக்கவில்லை. நீலம் என்றேன். பிறகு மனது கேட்காமல், "அந்தத் தேத்தண்ணி விஷயத்துல ஒங்க அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கா மகள்?" என்று நேரே கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ மாமி, அப்பா அதை எல்லாரிட்டயும் சொல்லிச் சிரிக்கிறார். நான் சொன்னதை அப்பிடியே கேட்ட ஆள் அந்த வீட்டில அந்தப் பெடியன் ஒருத்தன்தான் எண்டு. படியேறி வந்து தொண்டை காஞ்சு போச்சுதாம். அடுத்தமுறை அவன் கேட்ட உடன ஓம் எண்டு சொல்லிப்போட வேணும் எண்டு அம்மாவுக்கும் சொல்லி வச்சிருக்கிறார்" என்றாள். ஒரே ஒரு தேத்தண்ணித் தட்டில் அந்த மனிதர் உன் தம்பியைப் படித்துக்கொண்டார்.

இப்போது சொல், யாருக்கு மற்றவர் மனது பிடிபடவில்லை? உன் மாமனார் சிரித்துக்கொண்டு இருக்கிறார், நீ அவர் குமுறிக்கொண்டு இருப்பதாக நினைத்தாய். உன் தம்பி உனக்காக மேளச் சத்தத்தில் நின்று வியர்க்கிறான், நீ அவன் ஓடுவான் என்று நினைத்தாய். உன் வெட்கத்தை எடுத்து எல்லார் தலைக்குள்ளும் வைத்துவிட்டு, அது அவர்கள் வெட்கம் என்று நம்பிவிட்டாய். துவாயால் முகத்தை மூடிக்கொள்கிற என் காம்பராப் பிள்ளைக்கு மூன்று வயது, அது செய்தால் அழகு. அந்த டொக்டர் மேசையில் இன்றைக்கு உன்னை உட்கார வைத்தால் நீயும் பெட்டியைத்தான் காட்டுவாய். மூளை தானாக ஊகித்துக் கொடுக்கிறது என்பதற்காக அது கொடுப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. உன் மூளைக்கு வேகம் அதிகம், சரிபார்க்கிற பழக்கம் இல்லை. தினேஷுக்கு அந்த வேகம் இல்லை என்பதால் அவன் கேட்கிறான். அம்மா, இப்ப உங்களுக்குக் கோவமா, களைப்பா என்று கேட்பான். இந்த வீட்டில் என்னிடம் அதைக் கேட்கிற ஒரே ஆள் அவன். நீயும் அப்பாவும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கே விளங்கிவிட்டதென்று போய்விடுவீர்கள். பாதி நாட்கள் நீங்கள் விளங்கிக்கொண்டது தப்பு. கல்யாணம் பண்ணப் போகிறாய், அதனால் புத்திமதியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் முகத்தைப் படித்துவிட்டோம் என்று என்றைக்கும் நினைக்காதே. கேள். கேட்டால் உன் மதிப்புக் குறையாது.

கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று நினைத்துவிடாதே, மை தீர்ந்து வருகிறது, அவ்வளவுதான். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுக்குப் போன் எடுத்துப் பேசு. "அங்க சத்தமா இருக்கும்டா", "ஒனக்கு ஏன் வீண் அலைச்சல்" என்று பூசி மெழுகாதே. பூசி மெழுகினால் சத்தத்துக்குப் பழகிவிட்டேன் அண்ணே என்று சொல்வான், அதைக் கேட்க உன்னால் முடியாது. வா என்றால் வா என்று சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று உன் வாயால் சொல். சொன்னால் சரிங்கண்ணே என்பான், நீலச் சட்டையை மடித்து வைப்பான், மேளத்தை நிறுத்துவான், உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொல்லமாட்டான். நாமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை கேட்பார்கள் என்று காத்திருந்து பழகிய ஆட்கள். அவன் இன்னொரு தடவை கேட்கமாட்டான். ஒரு தடவைதான் கேட்பான், கேட்டுவிட்டான். இதோ, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. அதான் அண்ணன் வேண்டாம் என்றாரே, ஏன்டா இன்னும் பழகுகிறாய் என்று கேட்டேன். "அவரு ஒங்ககிட்டத்தானே சொன்னாரு. என்கிட்ட இன்னும் சொல்லலையே" என்றான்.

இப்படிக்கு, நீ அவனுக்குப் பதில் சொல்லும் வரைக்கும்,
தினேஷின் அம்மா.